சிமெண்டு போடுமுன் ஒரு மழையைப் பாருங்கள்

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் காசு கைக்கு வருகிற மாசி, பங்குனியில் திருவிடைமருதூர் பக்கம் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஓடு மாற்றுவது, வெள்ளை அடிப்பது, மாட்டுக் கொட்டிலைச் சரிபண்ணுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். சில வருஷமாக அந்த வேலைகளில் முதலிடம் பிடித்திருப்பது, வாசலையும் கொல்லையையும் சிமெண்டால் மூடுவது. கொத்தனார் வந்து நின்று ஒரு பார்வை பார்ப்பார். "எதுக்குண்ணே அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு? சுவத்துலேருந்து சுவரு வரைக்கும் முழுசா போட்டுடலாம். சுத்தமா கெடக்கும்." பேச்சு அரை மணியில் முடிந்து, நாலு நாளில் தளம் விழுந்துவிடும். வயலில் ஒரு மடையை இடம் மாற்ற ஒரு வாரம் யோசிக்கிற நாம், இருபது வருஷம் கிடக்கப்போகிற தளத்துக்கு ஒரு நாள்கூட யோசிப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போட்டோம். போட்டதில் பட்டதையும், பிறகு பாதியை உடைத்துத் திருத்தியதில் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இந்தப் பாடம். தளம் என்று இங்கே சொல்வது வீட்டை ஒட்டி, கூரை இல்லாமல், கால் பாவி நடமாடுகிற இடத்தை. நகரத்தில் அது நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிற இடம். நமக்கு நெல்லு, உளுந்து, மிளகாய் காயப்போடவும், சாயங்காலம் உட்காரவும், மாடு கடந்து போகவும், பேரப்பிள்ளை ஓடவும் அது ஒன்றுதான்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இயற்கை விவசாயக் கூட்டங்களில் "அந்தக் காலத்து மண் வாசல் மாதிரி வருமா" என்று பேசுகிறவர்கள் அநேகமாக ஆண்கள். அந்த மண் வாசலைப் பெருக்கியதும், சாணம் கரைத்துத் தெளித்ததும், வாரம் தவறாமல் மெழுகியதும், கார்த்திகைச் சேற்றைக் காலோடு வீட்டுக்குள் வராமல் தடுத்ததும் நம் அப்பாயியும் அம்மாவும். முழங்கால் வலியோடு குனிந்து மெழுகியவர்கள் சிமெண்டு கேட்டால் அதில் தப்பே கிடையாது. ஆகவே சிமெண்டு வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

திருவிடைமருதூர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி உயரத்தில் திண்ணை. உள்ளே கூடம், தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் நீளமாகக் கொல்லை. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும். முற்றம் கூடத்தைவிடப் பள்ளம், கெட்டியான தரை, மூலையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து ஜலதாரை வீட்டுக்கு அடியிலேயே ஓடிக் கொல்லை வாழைக்குப் போகும். கெட்டித் தரை எவ்வளவு சின்னது, அதில் விழும் தண்ணீருக்கு எவ்வளவு தெளிவாக வழி சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. மீதி கொல்லை முழுக்க மண். இந்த வீடுகள் யாருக்கானவை, யாரை எந்தப் படியோடு நிறுத்தின என்பதெல்லாம் வேறு கதை, அதை மறக்கவும் வேண்டாம். ஆனால் தண்ணீர்க் கணக்கில் கட்டியவனுக்குக் கை தேர்ந்திருந்தது.

அந்தக் கணக்கை இப்போது நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். கொல்லை 30 அடிக்கு 40 அடி, அதாவது 1200 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றழுத்தத் தாழ்வு வந்து ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது டெல்டாவுக்குப் புதிதல்ல. அந்த ஒரு நாளில் 1200 சதுர அடியில் விழுவது சுமார் 11,000 லிட்டர். வீட்டுக் கூரை 800 சதுர அடி என்றால் அதிலிருந்து இன்னொரு 7,400 லிட்டர். மண் தரையாக இருந்தபோது இதில் ஒரு பங்கை மண் குடித்தது, ஒரு பங்கு மெதுவாக நகர்ந்தது. சுவரிலிருந்து சுவர் வரை மூடிவிட்டால் அத்தனையும் அரை மணிக்குள் பள்ளமான மூலையைத் தேடி ஓடும். அந்த மூலை உங்கள் வீட்டுச் சுவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் சுவராகவும் இருக்கலாம். ஊரில் பாதி வரப்புச் சண்டை என்றால் மீதி இந்தச் சண்டை.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நம்மில் பலர் கூரைக் குழாயை ஒரு குழியில் இறக்கிவிட்டு, அந்தக் குழியைச் சுற்றியே சிமெண்டும் போட்டிருக்கிறோம். ஜெர்மனியில் பல நகரங்களில் வீட்டு மனையில் எத்தனை சதுர மீட்டரைத் தண்ணீர் இறங்காதபடி மூடியிருக்கிறீர்கள் என்று அளந்து, அதற்குத் தனியாக மழைநீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே காசாகக் கட்டுவதை இங்கே கிணற்றிலும் தென்னையிலும் கட்டுகிறோம்.

அதனால் கொத்தனாரைக் கூப்பிடுமுன் ஒரு நல்ல மழையைப் பாருங்கள். குடையோடு வெளியே நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே கொட்டுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, விட்ட பிறகு எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். தெருவிலிருந்து உள்ளே வருகிறதா என்றும் பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் அரையடி ஏறி ஏறி, மூன்று படி உயரத்தில் இருந்த வீடுகள் இன்று தெருவுக்குச் சமமாகி நிற்கின்றன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் அது நடக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். அது நடக்கும்வரை தெருப் பக்கத்துத் தளத்தைத் தாழ்த்திப் போடாதீர்கள்.

அடுத்தது மண். காவிரியை ஒட்டிய படுகையில் வீடு இருந்தால் மணல் கலந்த வண்டல், தண்ணீர் சட்டென்று இறங்கும். வயல் பக்கம் தள்ளிப் போகப் போகக் களி. மழையில் ஊதும், சித்திரையில் விரல் நுழைகிற மாதிரி வெடிக்கும். அந்தக் களிமேல் சும்மா ஜல்லி கொட்டிப் போட்ட சிமெண்டுத் தளம் இரண்டாம் கோடையில் கோடு விடுவது அதனால்தான். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை, கீழே மண் அசைகிறது. சோதிப்பது எளிது. ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் காணாமல் போனால் படுகை மண். சாயங்காலம் வரை நின்றால் களி. களியில் ஊறுகுழியை நம்பி இருக்கக் கூடாது, மிச்சத் தண்ணீர் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போக ஒரு வழியும் வேண்டும்.

வெயிலுக்கு வருவோம். நம் ஊரில் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்தை ஒட்டியும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளையில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் கத்திரி வெயிலில் மதியம் எந்தச் சுவரும் நிழல் தராது. சாயங்காலம் உட்காரும் இடம் வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் பிற்பகலிலேயே வீட்டு நிழல் விழுந்து தரை ஆறியிருக்கும். மேற்கே இருந்தால் ஏழு மணிக்குக்கூடத் தரை சுடும். கிழக்குப் பார்த்த வீட்டில் கொல்லை மேற்கில்தான் வரும், அதை மாற்ற முடியாது. அங்கே தளத்தின் மேற்கு ஓரத்தில் பந்தல் போடுங்கள். ஆடியில் விதைக்கிற அவரைப் பந்தல் மார்கழி, தையில் அடர்ந்து நிற்கும், அப்போது நமக்கு நிழல் தேவையில்லை. தைப் பட்டத்தில் பீர்க்கனும் பாகலும் ஏற்றினால் பங்குனி, சித்திரையில் நிழலும் காயும் சேர்ந்து வரும். தெற்கே கொஞ்சம் திறந்து விடுங்கள். சாயங்காலத் தென்றலுக்குக் குறுக்கே காம்பவுண்டுச் சுவரை எழுப்பிவிட்டு மின்விசிறி மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காயப்போடும் இடத்துக்குக் கணக்கு நேர்மாறு. சம்பா அறுப்பு தையில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 12 அடி உயரச் சுவரின் நிழல் வடக்குப் பக்கம் உச்சிவேளையிலேயே ஏழடி வரை நீளும், காலையில் இன்னும் நீளும். ஆகவே வீட்டுக்கு வடக்கே சுவரை ஒட்டிப் போட்ட களம் தையில் காயாது. தெற்கே போடுங்கள், அல்லது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போடுங்கள். உட்காரும் இடமும் காயப்போடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பதுதான் பெரிய தளங்களுக்குப் பாதிக் காரணம்.

எவ்வளவு பெரிசு வேண்டும்? இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. விளைந்த நெல் முழுவதையும் இன்று யாரும் வீட்டில் காயவைப்பதில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் கேட்டால் அங்கேயே களத்திலோ, பாவம், ரோட்டிலோ கொட்டிக் காய்ச்சுகிறோம். வீட்டுத் தளத்துக்கு வருவது விதைநெல், சாப்பாட்டு நெல்லில் கொஞ்சம், உளுந்து, பயறு, மிளகாய். நெல்லை ஒன்று முதல் ஒன்றரை அங்குலக் கனத்தில் பரப்பினால் 60 கிலோ மூட்டைக்குச் சுமார் 40 சதுர அடி பிடிக்கும். மூன்று ஏக்கர்க்காரருக்குச் சொந்த விதை இரண்டு மூட்டைக்குள் அடங்கிவிடும். ஒற்றை நாற்று நடுகிறவர்களுக்கு ஏக்கருக்கு 2, 3 கிலோவே போதும். ஆக 10 அடிக்கு 12 அடி, 120 சதுர அடி இருந்தால் குறையில்லை. உட்காருவதற்கு இன்னொரு நூறு. கிணற்றடி, குழாயடியில் ஆறுக்கு ஆறு. பின்வாசலிலிருந்து கழிப்பறைக்கும் கொட்டிலுக்கும் இரண்டரை அடி அகலத்தில் நடைபாதை. எல்லாம் கூட்டினாலும் 400 சதுர அடி தாண்டாது. மீதி 800 சதுர அடியை எதற்கு மூடுகிறோம்?

விதைநெல் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, எங்களுக்குப் பாடம் கிடைத்தது அதில்தான். தளம் போட்ட அடுத்த தையில் தூயமல்லி விதையை அந்தப் புதுத் தளத்தில் பரப்பினோம். "ரெண்டு நாள்ல சலசலன்னு காஞ்சிடுச்சு பாரு" என்று பெருமை வேறு. ஆடியில் நூறு விதை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தால் பாதிகூட முளைக்கவில்லை. விதைச் சான்றளிப்பில் நெல்லுக்குக் கேட்பது 80 விழுக்காடு முளைப்பு. விதை வண்டு தின்னவில்லை, பூசணமும் பிடிக்கவில்லை. வெந்துவிட்டது, அவ்வளவுதான். பிலிப்பைன்சில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் விதைநெல்லின் சூடு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது, தளத்தில் காயும் நெல் உச்சி வெயிலில் 50 டிகிரிக்கு மேல் போகும் என்று அவர்கள் சொல்வது சரியான கணக்கு. சிமெண்டுத் தளத்தில் விதை காயவைத்தால் கீழே பாயோ சாக்கோ விரியுங்கள், அரை மணிக்கு ஒருதரம் காலால் கிண்டி விடுங்கள், பன்னிரண்டு மணிக்கு வாரி நிழலில் குவித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் மறுபடி பரப்புங்கள். 13 விழுக்காடு ஈரத்துக்கு வந்தால் மூட்டை கட்டலாம். அப்பாயி மெழுகின மண் களத்தில் இத்தனை பாடு கிடையாது. மண் அவ்வளவு சுடாது.

இனி எதனால் போடுவது. டெல்டா கல் இல்லாத பூமி. கருங்கல் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வர வேண்டும். நமக்குக் கிட்டத்தில் கிடைப்பது செங்கல், அதுவும் நன்றாக வெந்த கல்லாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். உட்காரும் இடத்துக்கு என் கணக்கில் செங்கல் பாவிய தரைக்கு மிஞ்சியது இல்லை. மேல்மண்ணை எட்டொன்பது அங்குலம் வழித்து எடுத்துக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோங்கள், அதை வெளியே கொட்டாதீர்கள். அடியைத் திமிசு போட்டு இறுக்கி, நாலங்குலம் செங்கல் உடைசல் அல்லது ஜல்லி, மேலே இரண்டங்குலம் மணல், அதன்மேல் செங்கல். இடுக்கில் மணலைப் பெருக்கித் தள்ளினால் போதும், கலவை வேண்டாம். சுற்றிலும் ஒரு வரிசையை மட்டும் செங்குத்தாக நிறுத்திக் கலவையில் பதியுங்கள். இந்த ஓரக்கட்டு இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் கற்கள் பிரிந்து நகரும். நூறு சதுர அடிக்குப் படுக்கவைத்தால் சுமார் 350 கல், குறுக்குவாட்டில் நிறுத்தி அடுக்கினால் சுமார் 500. மாடு நடக்கும் இடத்தில் நிறுத்தி அடுக்குவதே நிற்கும்.

செங்கல்லுக்கு ஒரு குறை உண்டு. நிழலில் கார்த்திகையில் பாசி பிடிக்கும், வழுக்கும். பெரியவர்கள் ராத்திரியில் போய்வரும் கழிப்பறைப் பாதைக்கு அதனால் செங்கல் போடாதீர்கள். அங்கே சிமெண்டே நல்லது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள், கால் பிடித்து நிற்கும். காயப்போடும் இடத்துக்கும் சிமெண்டுதான் வசதி. நெல் இடுக்கில் சிக்காது. களி பூமியில் ஐந்தடிச் சதுரங்களாகப் பிரித்து, இடையில் அரை அங்குலம் விட்டுப் போட்டால் வெடிப்பு கண்ட இடத்தில் வராது. பேவர் பிளாக்கை மணல்மேல் பாவினால் பரவாயில்லை. பிறகு குழாய் பதிக்க வேண்டுமானால் எடுத்து வைக்கலாம். அதற்கடியில் கான்கிரீட் போட்டால் இரண்டு செலவு, ஒரு பயனும் இல்லை. கடப்பாக்கல் வெயிலில் அடுப்பு. ஆத்தங்குடிக் கல் கூடத்துக்கு அழகு, வெளியே வேண்டாம்.

தளம் வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் சுவர் ஓதம் ஏறும். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், வீட்டைவிட்டு வெளிப்பக்கம். இதை ட்யூப் லெவல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "கண்ணால பாத்தாலே தெரியும்ணே" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாழ்ந்த ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பிய ஓடை விட்டு, அது போய்ச் சேரும் இடத்தில் மூன்றடி விட்டம், இரண்டடி ஆழத்தில் ஒரு வட்டக்குழி. தென்னை மட்டை, உமி, காய்ந்த இலை போட்டு நிரப்பிச் சுற்றிலும் வாழை வையுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு இன்னொரு குழி, அதில் கல்வாழையும் சேம்பும்.

தென்னைக்கு உரம் வைக்க ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கச் சொல்கிறார்கள், காரணம் அதன் வேரில் பெரும்பங்கு அதற்குள்தான். அந்த வட்டத்துக்குள் சிமெண்டு வரக் கூடாது. உட்காரும் இடமும் வேண்டாம், மட்டையும் நெற்றும் சொல்லிவிட்டு விழுவதில்லை. முருங்கைக் கிளை தளத்துக்கு மேல் நீண்டால் 2018 நவம்பர் கஜாவை நினைத்துக்கொண்டு வெட்டிவிடுங்கள். ஊருக்குப் பேர் கொடுத்த மருதத்தைக் கொல்லையில் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அது ஆற்றங்கரை மரம், பெரிசாக வளரும். வாய்க்கால் கரையில் வையுங்கள், அதற்கும் நல்லது, கரைக்கும் நல்லது. மூடாமல் விட்ட மண்ணைச் சும்மா விட்டால் சேறாகும் என்பது வீட்டில் வரும் முதல் புகார். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மூடாக்கை வயலோடு நிறுத்த வேண்டியதில்லை. நடைபாதைக்கு இரண்டு பக்கமும் தென்னைநார்க் கழிவோ வைக்கோலோ பரப்பி, கறிவேப்பிலை, தூதுவளை, வல்லாரை என்று நட்டுவிட்டால் சேறு காலுக்கு வராது.

தாளில் வரைந்ததை உடனே கட்டிவிடாதீர்கள். நாலு முளையடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஒரு வாரம் விட்டுவையுங்கள். கோட்டுக்குள் கட்டிலைப் போட்டுச் சாயங்காலம் உட்காருங்கள். மாடு எந்த வழியாகப் போகிறது, வீட்டுப் பெண்கள் குடத்தோடு எப்படி நடக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் கோட்டில் நடைபாதை நேராக இருந்தது. நடந்தவர்கள் எல்லாரும் வேப்பமரத்தை வளைத்துப் போனார்கள். பாதையை வளைத்துவிட்டோம்.

"அதெல்லாம் சரி, நான்தான் முழுசா போட்டுட்டேனே" என்பவர்களுக்கு. முழுவதையும் உடைக்க வேண்டாம். தென்னையைச் சுற்றி ஆறடி வட்டத்தை முதலில் எடுங்கள். அடுத்து, தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த ஓரத்தில் இரண்டடி அகலத்துக்கு நீளவாட்டில் ஒரு பட்டை. மூன்றாவதாக, மேற்குச் சுவரை ஒட்டி மூன்றடிப் பட்டை, பந்தல் கொடிக்கு. பிரேக்கர் மெஷின் வாடகையும் இரண்டு ஆள் கூலியுமாக எங்களுக்கு ஒன்றரை நாளில் முடிந்தது. பெயர்ந்த கட்டிகளை வெளியே கொட்டவில்லை, உட்காரும் இடத்துச் செங்கல்லுக்கு அடியில் உடைத்துப் போட்டோம். சிமெண்டுக்கு அடியில் கிடந்த மண் கல்லாக இறுகியிருந்தது, மண்வெட்டி இறங்கவில்லை. சாணிக் கரைசல் ஊற்றி, சணப்பு விதைத்து, பூக்குமுன் மடக்கி விட்டதில் இரண்டாம் மழைக்குத்தான் மண்புழு கண்ணில் பட்டது.